மாமாவின் டிடிபி கணினி: செத்துக்கொண்டிருந்த டிஸ்க்கிலிருந்து விண்டோஸை நகர்த்தியது

ஆடி மாதத்தின் கடைசி வாரம். குடியாத்தத்தில் டிடிபி கடை (கணினியில் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் கடை) வைத்திருக்கும் மாமா காலை ஏழு மணிக்கே போன் செய்தார். "சிஸ்டம் காத்தாலேர்ந்து ஆன் ஆவ மாட்டேங்குதுடா. நீலக் கலர்ல ஏதோ வந்துட்டு ஓடிடுது, மறுபடியும் முதல்லேர்ந்து வருது. இன்னா பண்றதுன்னே தெரியல." ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் பத்திரிகை அடிப்பவர்களுக்கு ஆடிக் கடைசிதான் நெருக்கடி. ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் எல்லாரும் அந்த வாரம்தான் வந்து நிற்பார்கள்.

ஏற்கெனவே தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஃபார்மேட் பண்ணி புதுசாக விண்டோஸ் போட்டுவிடலாம், ஒரு மணி நேர வேலை என்று சொல்லியிருக்கிறார். "வேணாம் மாமா. நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க, ஸ்விட்ச்சையும் போட்டுப் போட்டுப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு காட்பாடி போய் கே.வி.குப்பம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் ஃபார்மேட்டுக்குப் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கணினி 2013-ல் அசெம்பிள் செய்தது. இன்டெல் எச்61 சிப்செட் போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. உள்ளே பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள். அதைவிட முக்கியம், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'நிகழும் மங்களகரமான' என்ற வரி அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அவற்றைத் தட்டச்சு செய்ய உதவும் கீபோர்டு மென்பொருள் வந்த சிடி, ஆஃப்செட் வேலைக்கான பழைய லேசர் பிரிண்டரின் டிரைவர் சிடி இரண்டும் கடை மாற்றியபோது தொலைந்துவிட்டன. பதினொரு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அமைந்த ஒரு பணியிடம் அது. அழித்தால் திரும்பக் கட்ட முடியாது. அப்படியே தூக்கி வேறு டிஸ்க்கில் வைத்தால்தான் உண்டு.

கடையில் போய் ஸ்விட்ச் போட்டதும் முதலில் வந்தது தேதி சரியில்லை, எஃப்1 அழுத்து என்ற கறுப்புத் திரை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டில் உள்ள மென்பொருள்) தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் லோகோ வரும், ஒரு நொடி நீலத்திரை மின்னும், ரீஸ்டார்ட் ஆகும். மின்னி மறைவதைப் படிக்க ஒரு வழி உண்டு. விண்டோஸ் 7-ல் லோகோவுக்கு முன் எஃப்8 தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். பழுதானால் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்று சொல்லும் வரி அதில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரை அப்படியே நிற்கும். நின்றது. குறியீட்டின் கடைசியில் 7பி. பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் அணுக முடியவில்லை என்று அர்த்தம்.

7பி என்றதும் டிஸ்க் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தேதியும் தவறியிருந்ததால் முதலில் பேட்டரியைப் பார்த்தேன். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும். மல்டிமீட்டரில் 1.9 காட்டியது. அந்த பேட்டரி தீர்ந்தால் தேதி மட்டும் போவதில்லை, பயாஸில் நாம் செய்து வைத்த எல்லா அமைப்பும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். இந்த போர்டில் சாட்டா முறை, அதாவது கணினி டிஸ்க்கோடு பேசும் விதம், புதிய ஏஎச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாறியிருந்தது. விண்டோஸ் 7 நிறுவும்போது எந்த முறை இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டும் பூட்டின் தொடக்கத்திலேயே ஏற்ற வைத்துக்கொள்ளும், மற்றதை ஏற்றாது. அதனால் முறை மாறினால் டிஸ்க் நல்லபடி இருந்தாலும் 7பி வரும். கடைத்தெருவில் 30 ரூபாய்க்கு பேட்டரி வாங்கிப் போட்டு, மறுபடி ஏஎச்சிஐ ஆக்கினேன். இந்த மாதிரி இடத்தில் மாற்றுவதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றுதான் சாட்சி.

விண்டோஸ் ஏறியது. மாமா முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. டெஸ்க்டாப் வர 11 நிமிடம் ஆகியிருந்தது. நடுவில் டிஸ்க்கிலிருந்து டக்... டக்... என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, மறுபடி டக். "கொஞ்ச நாளாவே மெதுவாத்தான் இருந்துச்சு, வைரஸ்னு நினைச்சேன்" என்றார் மாமா.

பேட்டரி ஒரு பழுது. டிஸ்க் இன்னொரு பழுது. முதல் பழுது சரியானதும் எழுந்து போயிருந்தால் ஒரு வாரத்தில் இரண்டாவது பழுது எல்லாவற்றையும் கொண்டு போயிருக்கும். உடனே கணினியை அணைத்துவிட்டு, சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற, பழுது பார்ப்பதற்கான லினக்ஸ் இருக்கும் பென்டிரைவில் பூட் செய்தேன். இதில் பூட் செய்தால் விண்டோஸ் ஓடாது, டிஸ்க்கில் யாரும் எதையும் எழுத மாட்டார்கள்.

டிஸ்க் தன் உடல்நிலை பற்றிக் குறித்து வைத்திருக்கும் கணக்கைப் படித்துச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கொடுத்த அறிக்கையின் மேல் வரியில் டிஸ்க் பாஸ் என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியை நம்பவே கூடாது. கீழே எண்களைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் எண், கெட்டுப்போனதால் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு கட்டங்கள்): 184. நூற்றுத் தொண்ணூற்று ஏழாம் எண், படிக்க முடியாமல் முடிவு செய்யக் காத்திருக்கும் செக்டர்கள்: 312. நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது, கேபிளில் தகவல் கெடுவதைக் காட்டுவது: 0. ஆகவே கேபிள் மேல் பழி இல்லை, தட்டுதான் தேய்ந்திருக்கிறது. ஓடிய நேரம் 31,000 மணிக்கு மேல். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று போட்டால் பத்து வருடம் தாண்டிய உழைப்பு. கூடவே யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போய், கரண்ட் போகும்போதெல்லாம் கணினி பட்டென்று அணைந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்வது விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கட்டளையான செக்டிஸ்க்கை ஆர் என்ற விருப்பத்தோடு ஓட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் படிக்கும், கெட்ட இடத்தில் முட்டி மோதும், கோப்பு அட்டவணையைத் திருத்தி எழுதும். நோயாளியை ஓட வைத்து மூச்சு பார்ப்பது போல அது. டிஸ்க்கின் மிச்ச உயிரை ஒரே ஒரு வேலைக்குத்தான் செலவழிக்க வேண்டும்: நகல் எடுக்க. திருத்தம் எதுவானாலும் நகலில் செய்துகொள்ளலாம், தவறினால் மறுபடி செய்யலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த வார வேலைகளை மாமா பெரும்பாலும் பிடிஎஃப் ஆக்கி டி டிரைவில் வைத்திருந்தார். 700 எம்பி. எழுத முடியாதபடி, படிக்க மட்டும் மவுன்ட் செய்து அந்த ஒரு ஃபோல்டரை மூன்று நிமிடத்தில் எடுத்து அத்தையின் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். கல்யாண வீட்டார் வாசலில் நிற்கும்போது டிஸ்க் முழுவதும் நகலாகட்டும் என்று சொல்ல மனம் வரவில்லை. பிறகு சிபியூவை இரண்டு லுங்கித் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வேலூர் வந்தேன்.

நகலை வைக்க எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) வாங்கியதில் ஒரு தவறு செய்தேன். கடையில் 480 ஜிபி இருந்தது. மாமா பயன்படுத்தியிருப்பது மொத்தமே 150 ஜிபிதானே என்று வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து செக்டர் கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. 500 ஜிபி டிஸ்க்கில் 97,67,73,168 செக்டர்கள். 480 ஜிபி எஸ்எஸ்டியில் 93,77,03,088. ஏறத்தாழ 20 ஜிபி குறைவு. டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் பார்ட்டிஷனை (சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதி) சுருக்கிவிட்டு நகல் எடுக்கலாம். ஆனால் சுருக்குவது என்றால் டிஸ்க்குக்குள்ளேயே தகவலை இடம் மாற்றி எழுதுவது. சாகிற டிஸ்க்கில் அந்த எழுத்து வேலை வேண்டாம். உறை பிரிக்காததால் திருப்பிக் கொடுத்து 512 ஜிபி வாங்கினேன். அதில் 100,02,15,216 செக்டர்கள். போதும்.

நல்ல டிஸ்க்காக இருந்தால் நான் குளோன்ஸில்லாவைத்தான் எடுப்பேன். தைவானின் உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான மென்பொருள் அது. பயன்பாட்டில் இருக்கும் இடத்தை மட்டும் நகலெடுப்பதால் சீக்கிரம் முடியும். கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்குக்கு குனு டிடிரெஸ்க்யூதான். அதன் அழகு வரிசையில் இருக்கிறது. எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் முரண்டு பிடிக்காமல் தாண்டிப் போய்விடும். நல்லதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி ஓரம் ஓரமாகச் சுரண்டும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை மேப் என்ற ஒரு சிறு கோப்பில் எழுதிக்கொண்டே வரும்.

அந்த மேப் கோப்பை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் இயல்பான இடம் ராம். கரண்ட் போனால் அதுவும் போகும். நான் தனி பென்டிரைவில் வைத்தேன். கட்டளையில் முதலில் மூலம், இரண்டாவது இலக்கு, மூன்றாவது மேப். மூலமும் இலக்கும் இடம் மாறினால் காலி எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டு எல்லாம் முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைச் சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டினேன். லினக்ஸ் கொடுத்த பெயர்களில் பழையது எஸ்டிஏ, எஸ்எஸ்டி எஸ்டிபி, பென்டிரைவ் எஸ்டிசி. இரண்டு முறை சரிபார்த்துத் தொடங்கினேன். முதல் சுற்றில் சுரண்டும் வேலை வேண்டாம் என்று சொல்லும் 'என்' (-n) விருப்பத்தைச் சேர்த்தேன்.

வேலூர் வெயிலுக்கு ஆடி, ஆவணி எல்லாம் தெரியாது. அரை மணி நேரத்தில் டிஸ்க்கின் வெப்பம் 47 டிகிரி. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்ததும் 39-க்கு இறங்கியது. நல்ல பகுதிகளில் நொடிக்கு 90 எம்பி வரை ஓடியது.

61 சதவீதத்தில் கரண்ட் போனது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது மாறிக்கொள்ள எடுக்கும் கண நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. மேப் இருந்ததால் நகல் பற்றிக் கவலை இல்லை. அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். காகிதத்தில் எழுதி வைத்திருந்த கட்டளையை அப்படியே அடித்துவிட்டு, என்டர் தட்டும் முன் பழக்க தோஷத்தில் சீரியல் எண்களைப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த முறை லினக்ஸ் பென்டிரைவை முதலில் எண்ணியிருந்தது. பென்டிரைவ் எஸ்டிஏ, பழைய டிஸ்க் எஸ்டிபி, எஸ்எஸ்டி எஸ்டிசி. என் காகிதக் கட்டளையின்படி இப்போது மூலம் பென்டிரைவ், இலக்கு மாமாவின் டிஸ்க்.

அன்றிலிருந்து எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நான் எந்த நகல் வேலையிலும் பயன்படுத்துவதில்லை. லினக்ஸில் டெவ் ஃபோல்டருக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த நீளமான பெயர் இருக்கும். அந்தப் பெயர் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் மாறாது. அடிக்க நீளம்தான், பரவாயில்லை.

முதல் சுற்று முடிந்தபோது படிக்காமல் நின்றது 1.4 எம்பி. இரவு முழுக்க மூன்று முறை மீள்முயற்சி என்ற விருப்பத்தோடு இரண்டாம் சுற்றை ஓடவிட்டேன். காலையில் மிச்சம் 96 கேபி. 4 கேபி அளவில் 24 துண்டுகள்.

அந்த 24 துண்டுகள் எந்தக் கோப்பில் விழுந்தன என்று தெரியாமல் நகலை மாமாவிடம் கொடுக்க மனம் ஒப்பவில்லை. டிடிரெஸ்க்யூவிலேயே ஃபில் மோடு என்று ஒன்று உண்டு. மேப்பைப் பார்த்து, நகலில் கெட்ட இடங்களில் மட்டும் நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நிரப்பும். பிறகு எந்தக் கோப்புக்குள் அந்த வார்த்தை இருக்கிறது என்று லினக்ஸின் தேடும் கட்டளையான கிரெப் கொண்டு தேடினால் போதும். எஸ்எஸ்டி என்பதால் தேடல் சீக்கிரம் முடிந்தது. 19 துண்டுகள் பேஜ் கோப்பில், அதாவது ராம் போதாதபோது விண்டோஸ் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் இடத்தில். விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அதை மேலெழுதிக்கொள்ளும், நஷ்டமில்லை. 2 துண்டுகள் எந்தக் கோப்பிலும் இல்லை, வெற்றிடம். ஒன்று பழைய பிள்ளையார் படம், இன்னொன்று ஒரு தமிழ் ஃபான்ட். அதே ஃபான்ட் அத்தையின் மடிக்கணினியில் இருந்தது. கடைசித் துண்டு 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனில், பிசிடி கோப்புக்குள். எந்த விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று பூட் மேனேஜருக்குச் சொல்லும் கோப்பு அது. கடையில் 11 நிமிடம் தட்டுத்தடுமாறிப் படித்த செக்டர்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். இப்போது முற்றாகப் போய்விட்டது.

பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகே எஸ்எஸ்டியில் பூட் செய்தேன். செக்டருக்குச் செக்டர் எடுத்த நகலில் டிஸ்க்கின் அடையாள எண்ணும் அதேதான். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் விண்டோஸ் குழம்பி, ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். தனியாக இருந்தால் அதே அடையாள எண் நமக்கு நன்மை, சி சி-யாகவும் டி டி-யாகவும் இருக்கும்.

எதிர்பார்த்தபடி பிசிடி பழுது என்ற கறுப்புத் திரை வந்தது. 32 பிட் விண்டோஸ் 7 நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் வழியாக கமாண்ட் பிராம்ப்ட் போனேன். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு ரிசர்வ்டு பார்ட்டிஷன் சி ஆகவும், விண்டோஸ் இருப்பது டி ஆகவும் தெரிந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையை அடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கெட்ட பிசிடி கோப்பின் மறைப்பு அடையாளங்களை அட்ரிப் கட்டளையால் நீக்கி, பெயரை மாற்றி வைத்தேன். அது அங்கேயே இருந்தால் புதிதாக எழுதுவதும் தடுமாறலாம். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு டி-யில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரையும், எஸ் விருப்பத்தில் சி-யையும் கொடுத்தேன். ஒரே வரியில் பூட் கோப்புகள் உருவானதாகச் சொன்னது. ரீஸ்டார்ட். 38 நொடியில் டெஸ்க்டாப், மாமாவின் முருகன் வால்பேப்பரோடு.

எச்61 சிப்செட்டில் சாட்டா வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான். எஸ்எஸ்டியின் முழு வேகம் இந்த போர்டில் கிடைக்காது. ஆனாலும் பேஜ்மேக்கர் திறப்பதற்கு அது தாராளம்.

அதன் பிறகுதான் நகலில் செக்டிஸ்க் ஓட்டினேன், எஃப் விருப்பம் மட்டும். அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலை செய்கிறதா என்று எஃப்எஸ்யூடில் கட்டளையில் கேட்டுப் பார்த்தேன். பூஜ்யம் என்று வந்தால் விண்டோஸ் டிரிம் அனுப்பும் நிலையில் இருக்கிறது என்று பொருள். வாராவாரம் ஓட வேண்டிய டீஃபிராக் (துண்டு துண்டாகக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்ப்பது, எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை) இன்னும் பட்டியலில் இருந்தது, நிறுத்தினேன். கடைசியில் மிஞ்சிய 12 ஜிபி இடத்தைப் பார்ட்டிஷன் ஆக்காமலே விட்டுவிட்டேன், எஸ்எஸ்டி தன் பராமரிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இது பழைய பயாஸும், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணையும் உள்ள கணினி. விண்டோஸ் 10, 11 உள்ள யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்தது) கணினியில் இதே வேலையைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. பூட் கோப்புகள் ஃபேட்32-ல் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும். சி-யை மட்டும் நகலெடுத்தால் பூட் ஆகாது. ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணையின் இரண்டாவது பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருப்பதால், பெரிய டிஸ்க்குக்கு நகலெடுத்தபின் அதை எஸ்ஜிடிஸ்க் கொண்டு உண்மையான கடைசிக்கு நகர்த்த வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிசிடிபூட்டில் எஃப் விருப்பத்தில் யூஇஎஃப்ஐ என்று குறிப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிபியூவை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு குடியாத்தம் போனேன். யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி புதிதாகப் போட்டேன். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது, இந்தக் கணினிக்கு இணையம் தேவையும் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் விவரங்களை அத்தையின் மடிக்கணினியில் வாங்கி, அங்கேயே வைரஸ் சோதித்து, ஒரு தனி பென்டிரைவில் மட்டும் கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு.

மாமா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகைக் கோப்பைத் திறந்தார். எழுத்துகள் அத்தனையும் அதனதன் இடத்தில். பெயரை மாற்றித் தட்டச்சு செய்து, லேசர் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒற்றெழுத்துப் புள்ளிகூட நகரலடா" என்றார்.

திரும்பும் முன் குளோன்ஸில்லாவில் எஸ்எஸ்டியின் முழுப் படிமம் ஒன்றை 1 டிபி வெளி டிஸ்க்கில் எடுத்தேன். அந்த டிஸ்க் இப்போது வேலூரில் என் பீரோவில் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் தேதியையும் '24 துண்டு போனது' என்பதையும் எழுதி ஒட்டி, மாமாவின் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த படிமம் தை முகூர்த்தம் தொடங்கும் முன், மார்கழியில் எடுப்பதாக இருவரும் காலண்டரில் குறித்திருக்கிறோம்.